பூட்டிய அறையைப் பாசம் என்று காட்டாதீர்கள்: தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், நெடுந்தொடர்த் தயாரிப்பாளர்களுக்கும், கதை விவாதத்தில் உட்காரும் எழுத்தாளர்களுக்கும்,

உங்களில் ஒரு சேனலின் தொடரில் போன மாதம் கதாநாயகியை அவளுடைய அப்பா மாடி ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்தார். அவர் பார்த்த மாப்பிள்ளையை அவள் வேண்டாம் என்றதுதான் காரணம். அந்த ட்ராக் வாரக்கணக்கில் ஓடியது. பூட்டிய கதவுக்கு வெளியே அப்பா உட்கார்ந்து அழுதார், பின்னணியில் வயலின் ஒலித்தது. உள்ளே இருந்தவளுக்கு நாளொன்றுக்கு இரண்டு வசனம்கூட இல்லை. கடைசியில் கதாநாயகன் சன்னல் கம்பியை அறுத்து அவளைக் கூட்டிப்போனான். அப்புறம் அவள்தான் அப்பாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். 'அப்பாவின் பாசம் ஜெயிக்குமா?' என்று ப்ரோமோவில் கேட்டிருந்தார்கள்.

அந்தச் சேனலுக்குப் புகார் எழுதினேன். இது கற்பனைக் கதை, யாரையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அடுத்த வாரமே வேறொரு சேனலில் வேறொரு பெண் நாற்காலியில் கட்டப்பட்டிருந்தாள். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் வார்டன். எங்கள் ஹாலில் சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்தால் இரவு பத்து வரை உங்கள் தொடர்கள்தான். மில்லில் ஷிஃப்ட் முடித்தவர்கள், ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவர்கள், நர்சிங் முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று எல்லோரும் தட்டோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன். சீரியல் பார்ப்பதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நாள் முழுக்க அடுத்தவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்கிறவர்களுக்கு அந்த மூன்றரை மணி நேரம் வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் பார்த்தது மனதில் தங்கிவிடுகிறது என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

என்னையும் ஒருமுறை பூட்டி வைத்தார்கள். படிப்பு முடிந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். உடன் வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அவர் வேறு சாதி. யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. "குலதெய்வம் கோயிலுக்குப் போயிட்டு வந்து பேசிக்கலாம்மா" என்று சித்தப்பா காரை எடுத்து வந்தார். நானே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். கார் கோயிலுக்குப் போகவில்லை, அத்தை வீட்டுக்குப் போனது. போனை வாங்கிக்கொண்டார்கள். உள் அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

கயிறு கிடையாது, வாயில் டேப் கிடையாது, கத்தியோடு நிற்கும் அடியாள் கிடையாது. நேரத்துக்குச் சோறு வந்தது. அத்தை தலை வாரிப் பூ வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சன்னல் ஓரமாக வந்து "சாப்பிட்டியாடி?" என்று கேட்பார். கதவைத் திறந்துவிடச் சொன்னால், "பெரியவங்க உன் நல்லதுக்குத்தான செய்வாங்க" என்பார். தெருவுக்கே விஷயம் தெரியும். அந்தத் தெருவில் ஒருவருக்கும் அது குற்றமாகப் படவில்லை.

அந்த அறையில் நான் சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை. மாமாவின் வண்டி எப்போது கிளம்புகிறது, மத்தியானம் யார் தூங்குகிறார்கள், தாழ்ப்பாளை யார் போட்டால் எப்படிச் சத்தம் வருகிறது என்று எல்லாமே மனப்பாடம். பட்டினி கிடந்தால் உடம்பில் தெம்பு இருக்காது என்று தட்டில் வைத்ததை முழுக்கச் சாப்பிட்டேன். கொஞ்ச நாள் போனதும், "சரி, நீங்க சொல்ற பையனையே கட்டிக்கிறேன்" என்றேன். அதற்கப்புறம் திண்ணையில் உட்கார விட்டார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அத்தை மகள், யாருக்கும் தெரியாமல், குளியலறைக்குள் தன் போனைக் கொடுத்தாள். தோழிக்குப் பேசினேன். அவள் ஒரு வக்கீலைப் பிடித்தாள், வக்கீல் போலீசோடு வந்தார். கை நடுங்க நடுங்க ஒரு பள்ளிக்கூடப் பெண் அந்தப் போனை நீட்டாமல் இருந்திருந்தால் என் கழுத்தில் வேறு தாலி ஏறியிருக்கும். இப்படி ஒரு பாத்திரத்தை உங்கள் தொடர்களில் நான் பார்த்ததே இல்லை.

காவல் நிலையத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கார்ல ஏறும்போது கத்தினியா?" அடுத்தது, "மயக்க மருந்து ஏதாவது குடுத்தாங்களா?" இரண்டுக்கும் இல்லை என்றேன். "அப்ப நீயாத்தானம்மா போயிருக்கே" என்றார் அங்கிருந்தவர்.

கடத்தலுக்கு இப்படி ஒரு இலக்கணம் அவருக்குச் சட்டப் புத்தகத்திலிருந்து வந்திருக்க முடியாது. ஒருவரைப் பலவந்தமாகக் கொண்டுபோவது மட்டுமல்ல, ஏமாற்றி ஓர் இடத்திலிருந்து போகச் செய்வதும் கடத்தல்தான். அன்று அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 362ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 138ஆம் பிரிவு. கோயிலுக்கு என்று சொல்லி அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனது அதற்குள் அப்படியே பொருந்துகிறது. ஆனால் நம் எல்லோருடைய மனதிலும் இருக்கும் கடத்தல் வேறு: ஓரமாக வந்து நிற்கும் ஆம்னி வேன், மூக்கில் அழுத்தும் கைக்குட்டை, இரண்டே நொடியில் சரியும் பெண். மாருதி கம்பெனி ஆம்னியைத் தயாரிப்பதை 2019இல் நிறுத்திவிட்டது. திரையில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. குளோரோஃபார்ம் முகர்ந்தவர் நினைவிழக்கச் சில நிமிடங்கள் ஆகும், கைக்குட்டையில் இரண்டு நொடியில் யாரும் சாய்வதில்லை. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மயங்காத பெண், கத்தாத பெண், தானே வண்டியில் ஏறிய பெண் கடத்தப்பட்டவள் இல்லை என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையின் முன்னால்தான் நான் அன்று கைகட்டி நின்றேன்.

மில் வேலைக்கு வந்த ஒரு பெண் போன வருடம் என்னிடம் சொன்னாள்: "எங்கப்பாவும் என்னைய ரூம்ல வெச்சுப் பூட்டுனாரு மேடம். பாசத்துலதான். டி.வி.லகூட அப்படித்தான காட்டுறாங்க." அந்த 'டி.வி.லகூட' என்ற வார்த்தையை நீங்கள் கேட்க வேண்டும்.

இன்னொன்று. விடுதிச் சமையல்கார அக்காவின் மகனும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் கொல்லைப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண்ணைத் துப்பட்டாவால் தூணில் கட்டியிருந்தார்கள். அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அந்தப் பையன் அதட்டினான்: "ஏய், நீ அவுக்கக் கூடாது. நீ ஹீரோயின்."

அவனுக்கு ஏழு வயது. விதியைச் சரியாகத்தான் கற்றிருக்கிறான். நீங்கள் கதாநாயகனையும் கட்டிப்போடுவீர்கள். சட்டை கிழிந்திருக்கும், உதட்டில் ரத்தம் இருக்கும், ஆனால் வாய் திறந்திருக்கும். வில்லனைப் பார்த்து சவால் விடுவான், தன் கயிற்றைத் தானே அறுப்பான். பெண்ணைக் கட்டியதும் செய்யும் முதல் வேலை வாயில் டேப் ஒட்டுவது. அதோடு கேமராவும் அவளை விட்டுவிட்டு, தேடிப் போகிறவனின் பைக்கின் பின்னால் ஓடிவிடும். அறைக்குள் அவள் என்ன யோசிக்கிறாள், யாரை எடை போடுகிறாள், எந்தப் பொய்யைத் தயார் செய்கிறாள் என்பதில் உங்களுக்கு ஆர்வம் இல்லை. தொலைந்து கிடைக்கவேண்டிய நகைப்பெட்டி மாதிரி அவள் அங்கே இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறீர்கள்.

அவள் கிடைத்த பிறகு வரும் காட்சிதான் என்னால் தாங்க முடியாதது. வாசலில் மாமியார் நிற்பார். "ராத்திரி முழுக்க எங்க இருந்தா? யார் கூட இருந்தா?" நாயகி அழுதுகொண்டே, தன் மேல் ஒருவன் விரல்கூடப் படவில்லை என்று சத்தியம் செய்வாள். வீடே பெருமூச்சு விடும், ஆரத்தித் தட்டு வரும். அந்தக் காட்சி ஓடும்போது எங்கள் ஹாலில் சிலர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். விரல் பட்டவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஆரத்தி அவர்களுக்குக் கிடையாது என்று ஒவ்வொரு தொடரிலும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நான் திரும்பி வந்தபோது, நான் விரும்பியவருடைய அம்மா கேட்டதும் இதே கேள்விதான், ஏறக்குறைய இதே வார்த்தைகளில்.

காலங்காலமாகக் கதை இப்படித்தான், சிறைப்பட்ட பெண்ணை மீட்பது நம் மரபு என்று நீங்கள் சொல்லக்கூடும். மரபைக் கொஞ்சம் திரும்பப் பாருங்கள். அசோகவனத்துச் சீதையைத் தோளில் ஏற்றிப்போக அனுமன் முன்வந்தபோது அவள் மறுக்கிறாள். எல்லையில்லாத உலகங்களையே என் சொல்லால் சுடுவேன், இராமனின் வில்லாற்றலுக்கு அது மாசு என்றுதான் விட்டேன் என்று கம்பன் அவளைப் பேச வைக்கிறான். கட்டுண்டு கிடப்பவளின் வாயில் அவன் வைத்தது அந்த நெருப்பு.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். சோழன் சிறை வைத்த அவளை, அரசி பகையை மறைத்துக்கொண்டு தன் பொறுப்பில் வாங்கி, மருந்தூட்டிப் பித்தாக்கப் பார்க்கிறாள். ஒருவனை அனுப்பி அவமானப்படுத்தப் பார்க்கிறாள். புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடுகிறாள். அந்தக் காதை முழுக்க எந்த ஆணும் வந்து கதவை உடைப்பதில்லை. ஒவ்வொன்றையும் மணிமேகலையே கடக்கிறாள், கடைசியில் அரசிக்கே புத்தி சொல்கிறாள். அதற்கு முன்னாலேயே அவள் சோழனிடம் கேட்டு ஊர்ச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியவள். சாத்தனார் எழுதிய இந்தக் கதையில் உங்களுக்குத் தேவையான பதற்றம், சூழ்ச்சி, வில்லி எல்லாமே இருக்கின்றன. ஆண் சிறைப்பட்ட கதை வேண்டுமா? குடவாயில் கோட்டத்துச் சிறையில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு, அது தாமதித்து வந்ததும், பிச்சை போல வந்ததைக் குடிக்காமல் உயிர்விட்டான் சேரமான் கணைக்கால் இரும்பொறை. புறநானூற்றின் 74ஆம் பாட்டு அது. அடைபட்ட ஒரு மனிதனுக்குள் நடப்பதை அவ்வளவு சின்னப் பாட்டில் சொல்ல முடிந்திருக்கிறது.

தண்டவாளத்தில் பெண்ணைக் கட்டிப்போடுகிறீர்களே, அந்தக் காட்சியைப் பிரபலமாக்கியது 1867இல் நியூயார்க்கில் அகஸ்டின் டேலி போட்ட ஒரு மேடை நாடகம். அதில் தண்டவாளத்தில் கட்டப்பட்டிருந்தவன் ஆண். பூட்டிய கொட்டகைக்குள் இருந்த நாயகி கோடரியால் கதவை உடைத்து வெளியே வந்து, ரயில் நெருங்கும்போது அவனைக் காப்பாற்றினாள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் கைதட்டல் வாங்கிய பெண்ணின் கையில் இருந்த கோடரியைப் பிடுங்கிவிட்டு, கயிற்றை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம்.

கடத்தல் ட்ராக் வந்தால், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வியாழக்கிழமை வரும் பார்க் (BARC) ரேட்டிங் ஏறுகிறது என்பீர்கள். இருக்கலாம். என்ன ஆகுமோ என்ற பதைப்பு மனிதர்களுக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அந்தப் பதைப்பை அறைக்கு வெளியேதான் தேட வேண்டும் என்று யார் சொன்னது? ஆட்கொணர்வு மனு விசாரணை ஒன்றைப் பாருங்கள். மகளைக் 'கடத்திவிட்டார்கள்' என்று புகார் கொடுத்தவரே அவளைப் பூட்டி வைக்கிறவராக இருப்பார். பல நாள் அடைபட்ட பெண் நீதிமன்றத்தில் வந்து நிற்பாள். ஒரு பக்கம் அம்மா அழுதுகொண்டிருப்பார். நீதிபதி அவளையே கேட்பார்: "நீ யாரோடு போக விரும்புகிறாய்?" அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இருக்கும் அமைதியைவிடப் பெரிய க்ளைமாக்ஸ் எங்கே இருக்கிறது?

மதம் மாறித் தன் விருப்பப்படி மணந்த கேரளப் பெண் ஹாதியாவின் வழக்கு நம் கண்முன்னால் நடந்தது. 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அவர் திருமணத்தைச் செல்லாது என்றது. மாதக்கணக்கில் அவர் அப்பா வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது. நவம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தில் நின்று, எனக்குச் சுதந்திரம் வேண்டும் என்று அவரே கேட்டார். படிப்பை முடிக்கச் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். 2018 மார்ச் 8இல் உச்ச நீதிமன்றம் அவர் திருமணம் செல்லும் என்றது. வயது வந்த பெண்ணின் விருப்பம் என்று நாடே பேசிய அந்த மாதங்களில் எங்கள் ஹாலில் ஓடிய தொடர்களில் அதன் சாயல்கூட இல்லை. எங்கள் மாவட்டமும் பக்கத்து மாவட்டங்களும் அறிந்த சுமங்கலித் திட்டம் இன்னொன்று. கல்யாணப் பணம் தருவதாகச் சொல்லி, இளம்பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் மில் வளாகத்துக்குள்ளேயே தங்கவைத்து வேலை வாங்கினார்கள். வெளியே போகவும் வீட்டாரைப் பார்க்கவும் கட்டுப்பாடு. சிறைப்பட்ட நாயகிகளின் கதை வேண்டுமென்றால் அங்கே நூறு கதைகள் இருக்கின்றன.

நான் கேட்பவை இவை.

பெற்றோரோ உறவினரோ கணவனோ ஒரு பெண்ணைப் பூட்டி வைப்பதைப் பாசமாகக் காட்டுவதை நிறுத்துங்கள். அந்தக் காட்சி கதைக்குத் தேவை என்றால், அது குற்றம் என்று அதே கதைக்குள் ஒருவர் சொல்லட்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவுப்படி ஒருவரைப் பத்து நாட்களோ அதற்கு மேலோ சட்டவிரோதமாக அடைத்து வைத்தால் ஐந்து வருடம் வரை சிறை. திருமணத்துக்குக் கட்டாயப்படுத்தப் பெண்ணைக் கடத்தினால் 87ஆம் பிரிவுப்படி பத்து வருடம் வரை. உங்கள் தொடர்களில் ஏகப்பட்ட வக்கீல் பாத்திரங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவராவது இதை வாய்விட்டுச் சொல்லட்டும். பூட்டப்பட்டவள் பூட்டியவரிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சியை எந்தக் காரணத்துக்காகவும் எழுதாதீர்கள்.

மீண்டு வந்த பெண்ணைக் கற்பு விசாரணை செய்யும் வாசல் காட்சியை அடியோடு விடுங்கள். இதில் நான் சமரசத்துக்குத் தயாராக இல்லை.

அறைக்குள் கேமராவை வையுங்கள். அவள் யோசிக்கட்டும், பொய் சொல்லட்டும், தோற்கட்டும், மறுபடி முயலட்டும். உதவ வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கட்டும், அத்தை மகளாக இருக்கட்டும். பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் அடுத்த முறை "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்குப் பதிலாக 181 மகளிர் உதவி எண்ணுக்குப் போன் செய்வார்.

அந்த எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகை பிடிக்கும் காட்சியில் எச்சரிக்கை வாசகம் போடுகிறீர்கள். ஒரு பெண் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு காட்சியிலும் திரையின் கீழே 181 மகளிர் உதவி எண்ணையும், சிறுமியாக இருந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் தமிழில், படிக்கிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். போன் கையில் இல்லாதவளும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

கட்டிப்போட்ட பெண்ணின் அழுகையை வெட்டி எடுத்த ப்ரோமோக்களை நாள் முழுக்க ஓட்டாதீர்கள். குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்குப் பொருந்தாததை ஒளிபரப்பக் கூடாது என்று கேபிள் டி.வி. விதிகளின் 6ஆம் விதியே சொல்கிறது. பெண்ணை இழிவுபடுத்தும் சித்திரிப்பும் அதே விதியில் தடுக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, புகார்களுக்கு முறையாகப் பதில் சொல்லுங்கள். 2021இல் திருத்திய விதிகளின்படி, பார்வையாளரின் புகாரை ஒளிபரப்பாளர் 15 நாட்களுக்குள் விசாரித்து முடிவைத் தெரிவிக்க வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் அடுத்த கட்டமாக உங்கள் சுய ஒழுங்கு அமைப்புக்கும், அதற்கு மேலும் போகலாம். இந்த மடலை ஒவ்வொரு சேனலின் குறைதீர் அலுவலருக்கும் புகாராகவே அனுப்பியிருக்கிறேன். மேலே கேட்டவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விடுதி வார்டன்,
திண்டுக்கல் மாவட்டம்